விந்தைப் பொருள்களும் விளையும் அறிவும்

  

மனிதன் செய்யும் பொருள்கள் பலவாகும். மண்வெட்டி நிலத்தைக் கொத்துகிறது; குடை மழையைத் தடுக்கிறது; விளக்கு இருளை அகற்றுகிறது. இவற்றின் பயன் யாது என்று எவரும் வினவுவதில்லை. ஆனால், வேறொரு வகைப் பொருள்களும் உலகில் உள்ளன. அவை ஆடும், ஓடும், சுழலும். காண்போரை வியப்பில் ஆழ்த்தும். 'இதனால் என்ன வேலை நடக்கும்?' என்று கேட்டாலோ விடை கிடைப்பது அரிது. இவற்றையே விந்தைப் பொருள்கள் என்கிறோம்.

சம்பள நாளை அடுத்து வரும் இரவுச் சந்தையில் இத்தகைய பொருள்கள் மலைபோல் குவிக்கப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். பிள்ளை ஒன்றைச் சுட்டிக் காட்டி, 'அப்பா, அது வேண்டும்' என்கிறது. தந்தையோ அரிசிக்கும் மளிகைக்கும் ஒதுக்கிய பணத்தை எண்ணிப் பார்த்து, 'ஒன்றுக்கும் உதவாத பொருளுக்கு ஏன் காசு?' என்று கடிந்துகொள்கிறார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. பிள்ளையின் வியப்பும் பொய்யன்று. தந்தையின் உழைப்பும் எளிதன்று. ஆகவே, விந்தைப் பொருள்களை எவ்வாறு நோக்க வேண்டும், அவற்றுள் எது அறிவு தரும், எது காசை மட்டும் விழுங்கும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. நீர் பருகும் பறவை

கண்ணாடியால் ஆன ஒரு பறவை. தலையையும் அலகையும் கம்பளித் துணி மூடியிருக்கும். அதன் முன்னே ஒரு குவளை நீர். தலையை ஒரு முறை நனைத்துவிட்டால் அப்பறவை முன்னும் பின்னும் அசைந்து, சிறிது நேரத்தில் குனிந்து, குவளை நீரில் அலகைத் தோய்த்து நிமிரும். மீண்டும் அசையும், மீண்டும் குனியும். சாவி இல்லை, மின்கலம் இல்லை, இழுக்கும் கயிறும் இல்லை. அமெரிக்க அறிவியலாளர் மைல்ஸ் சல்லிவன் என்பவர் 1946ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இதன் இரகசியம் யாது? பறவையின் தலையும் வயிறும் இரண்டு கண்ணாடிக் குமிழ்களாகும். அவற்றை ஒரு குழாய் இணைக்கிறது. குழாயின் கீழ்முனை, வயிற்றிலுள்ள திரவத்தில் மூழ்கியிருக்கும். அத்திரவத்தின் பெயர் டைகுளோரோமீத்தேன். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். இத்திரவமோ ஏறக்குறைய 40 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலால், அறையின் சாதாரண வெப்பத்திலேயே அஃது எளிதில் ஆவியாகிறது.

தலைத்துணியின் ஈரம் காற்றில் ஆவியாகும்போது தலையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது; தலை குளிர்கிறது. உடனே தலைக்குள் இருக்கும் ஆவி சுருங்கித் திரவமாகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. வயிற்றிலுள்ள ஆவியின் அழுத்தம் அதனினும் மிகுந்திருப்பதால், திரவம் குழாய் வழியே மேலே தள்ளப்படுகிறது. தலை கனத்துப் பறவை கவிழ்கிறது. கவிழ்ந்த நிலையில் குழாயின் கீழ்முனை திரவத்தை விட்டு வெளியே வந்துவிடும். அவ்வழியே ஆவி புகுந்து, இரு பக்கத்து அழுத்தமும் சமமாகிவிட, திரவம் வயிற்றுக்குத் திரும்புகிறது, பறவை நிமிர்கிறது. குனிந்தபோது அலகு நனைந்ததால் அடுத்த சுற்றுக்கு வேண்டிய ஈரமும் கிடைத்துவிடுகிறது.

வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்வதும், மண்பானைத் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்திருப்பதும் இதே காரணத்தினால்தான். மழைநாளில் கொடியில் போட்ட துணி உலர நெடுநேரமாகிறதன்றோ? அதுபோல, காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இப்பறவையும் மெதுவாகவே குனியும். பறவையையும் குவளையையும் சேர்த்து ஒரு கண்ணாடிப் பெட்டியால் மூடிவிட்டால், உள்ளே ஈரம் நிறைந்து, பறவை அசைவற்று நின்றுவிடும். ஆறாம் ஆண்டு வரை நாம் படிக்கும் நீராவியாதல், ஆவி சுருங்குதல் ஆகிய இரண்டு பாடங்களும் இப்பறவைக்குள் அடங்கியுள்ளன. ஓர் எச்சரிக்கை: உள்ளிருக்கும் திரவம் நஞ்சு. பறவை உடைந்தால் கையால் தொடாமல் பெரியவர்களை அழைக்க வேண்டும்.

2. படியிறங்கும் சுருள்

1943ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ரிச்சர்டு ஜேம்ஸ் என்னும் கடற்படைப் பொறியாளர், அலையில் ஆடும் கப்பலில் நுண்கருவிகள் அதிராமல் இருக்க எத்தகைய சுருள்வில் ஏற்றது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது ஒரு சுருள் தவறி விழுந்தது. அது பொத்தென்று விழாமல், தலையை வளைத்து, 'நடந்து' கீழே இறங்கியது. அதைக் கண்ட ஜேம்ஸ், நடக்கும் சுருளுக்கு எத்தகைய கம்பி வேண்டும், எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று ஆராயத் தொடங்கினார். அவர்தம் துணைவியார் பெட்டி ஜேம்ஸ் அகராதியைப் புரட்டி அதற்கு 'ஸ்லிங்கி' என்று பெயரிட்டார். 1945ஆம் ஆண்டின் இறுதியில் பிலடெல்பியாவிலுள்ள ஒரு பெரிய கடையில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. கொண்டு சென்ற 400 சுருள்களும் ஒன்றரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன.

1960இல் கணவர் குடும்பத்தையும் தொழிலையும் விட்டுப் பிரிந்த பின்னர், ஆறு பிள்ளைகளின் தாயாகிய பெட்டி ஜேம்ஸ் நிறுவனத்தைத் தாமே ஏற்று, பல்லாண்டுகள் திறம்பட நடத்தினார் என்பது நம் தாய்மார்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

சுருள் ஏன் படியிறங்குகிறது? மேல் வளையத்தை எடுத்து அடுத்த படியில் வைத்தவுடன், புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. அவ்வியக்கம் ஒரு வளையத்திலிருந்து மற்றொரு வளையத்திற்கு அலையாகச் செல்கிறது. கடைசி வளையம் வந்து சேரும் வேகத்தில் அது நிற்காமல் கவிழ்ந்து அடுத்த படிக்குப் போகிறது. இச்சுருளைத் தரையில் நீட்டி, ஒரு முனையைச் சட்டென்று தள்ளினால், நெருக்கம் ஒன்று மறுமுனை வரை ஓடுவதைக் காணலாம். ஒலி காற்றில் செல்வதும் இவ்வாறே. கண்ணுக்குப் புலப்படாத ஒலியலையைக் கண்ணுக்குக் காட்டுவதால், இன்று அறிவியல் வகுப்பறைகளிலும் இச்சுருள் இடம் பெற்றிருக்கிறது.

3. வாத்தும் தேநீர்ப் பொம்மையும்

பிரான்சு நாட்டில் வோகான்சோன் என்னும் கைவினைஞர் இருந்தார். அவர் 1739ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் ஓர் இயந்திர வாத்தைக் காட்சிக்கு வைத்தார். அது சிறகடித்தது, தானியத்தைக் கொத்தி விழுங்கியது, சிறிது நேரத்தில் எச்சமும் இட்டது! மக்கள் காசு கொடுத்து வந்து கண்டு வியந்தனர். ஆயினும், விழுங்கிய தானியம் ஓர் அறையில் தங்கிவிட, முன்னரே வைக்கப்பட்ட கலவைதான் எச்சமாக வந்தது என்பது பின்னாளில் தெரிய வந்தது.

வாத்தின் செரிமானம் பொய்யே. ஆனால், அதனைச் செய்த கையின் திறமை மெய். பிரெஞ்சு அரசு 1741இல் அவரைப் பட்டு ஆலைகளின் மேற்பார்வையாளராக நியமித்தது. 1745இல் அவர் தானாக இயங்கும் நெசவுத் தறி ஒன்றை உருவாக்கினார். அவ்வழியை ஆராய்ந்த ழகார் என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் தறியை 1804இல் ஆக்கினார். அட்டையிலுள்ள துளையைக் கொண்டு செய்தியைக் குறிக்கும் முறையை 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித் பயன்படுத்தினார். அவ்வழி வளர்ந்தே பிற்காலக் கணினிகளும் தொடக்கத்தில் அட்டைகளைப் படித்தன. பொய்வாத்து செய்த கை, தறிக்கும் கணினிக்கும் செல்லும் பாதையில் ஒரு கல்லை இட்டுச் சென்றது.

சப்பான் நாட்டிலும் இத்தகைய கலை சிறந்து விளங்கியது. இயந்திரப் பொம்மைகளை அந்நாட்டார் 'கராகுரி' என்பர். அவற்றுள் ஒன்று தேநீர் ஏந்தும் பொம்மை. அதன் கையிலுள்ள தட்டில் கிண்ணத்தை வைத்தால் விருந்தினரை நோக்கி நடந்து செல்லும். கிண்ணத்தை எடுத்தால் நின்றுவிடும். வெறுங்கிண்ணத்தை மீண்டும் வைத்தால் திரும்பி, வந்த வழியே செல்லும். உள்ளே இருப்பவை மரப் பற்சக்கரங்களும், திமிங்கிலத்தின் வாயிலுள்ள வளையும் தகட்டால் ஆன ஒரு சுருள்வில்லுமே. இப்பொம்மை செய்யும் முறை 1796இல் வெளிவந்த ஒரு நூலில் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளது.

1799இல் குருமே என்னும் ஊரில், ஆமையோட்டில் கைவேலை செய்யும் ஒரு தொழிலாளியின் மகனாகத் தனாகா ஹிசாஷிகே பிறந்தார். இளமையில் இயந்திரப் பொம்மைகள் செய்து புகழ்பெற்ற அவர், 1851இல் நாள், கிழமை, நிலவின் நிலை ஆகியவற்றைக் காட்டும் அரிய கடிகாரம் ஒன்றைச் செய்து முடித்தார். 1875இல், தம் 75ஆம் வயதில், தோக்கியோவில் தந்திக் கருவிகள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றைத் திறந்தார். அது வளர்ந்து, வேறொரு நிறுவனத்துடன் 1939இல் இணைந்து, 'தோஷிபா' என்று நாம் அறிந்த நிறுவனமாயிற்று. பொம்மை செய்த தொழிலாளி மகனின் கைத்திறன் எத்துணைத் தொலைவு சென்றது பாருங்கள்!

4. தன்னைத்தானே அணைக்கும் பெட்டி

விந்தைப் பொருள்களுள் மிகவும் பயனற்றது எது என்று கேட்டால் இதனைக் கூறலாம். ஒரு சிறு பெட்டி. அதன் மேல் ஒரு விசை. விசையைத் தட்டினால் மூடி திறக்கும். உள்ளிருந்து ஒரு கை வெளிவரும். அது விசையைத் தட்டி அணைத்துவிட்டு உள்ளே சென்றுவிடும். அவ்வளவே! தன்னை நிறுத்திக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு பணியே இல்லை.

1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இந்த எண்ணத்தை வெளியிட்டவர் மார்வின் மின்ஸ்கி என்னும் இளைஞர். செய்து தம் மேசையில் வைத்துக்கொண்டவர் கிளாட் ஷானன். இவ்விருவரும் வேலையற்றவர்கள் அல்லர். செய்திகளை அளந்து அனுப்பும் முறைக்குக் கணித அடிப்படையை 1948இல் வகுத்தளித்தவர் ஷானன். இன்றைய கைப்பேசியும் இணையமும் அவ்வடிப்படையின் மீதே நிற்கின்றன. மின்ஸ்கியோ செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவர் ஆனார். பேரறிவாளர்களும் விளையாடினார்கள்; ஆனால், அவர்கள் விளையாட்டுப் பொருளை வாங்கவில்லை, செய்தார்கள் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

5. கல்லை விற்ற கதை

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் உண்டு. 1975ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த காரி டால் என்னும் விளம்பரத் துறையாளர், சாதாரணக் கூழாங்கல்லைச் 'செல்லப் பிராணி' என்று கூறி விற்றார். காற்றுத் துளைகள் உள்ள ஓர் அட்டைப் பெட்டி, அதனுள் வைக்கோல் மெத்தை, அதன்மீது கல், கூடவே கல்லை வளர்க்கும் முறை பற்றிய நகைச்சுவைக் கையேடு. 'உட்கார்' என்றால் கல் உட்கார்ந்திருக்கும். 'அங்கேயே இரு' என்றால் அங்கேயே இருக்கும்! விலை 3 டாலர் 95 காசு. சில திங்களிலேயே பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கற்கள் விலைபோயின. அடுத்த ஆண்டு பிறந்ததும் அந்த மோகம் அடங்கிவிட்டது.

இதில் விற்றவர் அறிவாளியே. ஆனால், வாங்கியவர் கையில் எஞ்சியது என்ன? நீர் பருகும் பறவையைப் பத்து முறை பார்த்தாலும் கேட்பதற்கு ஒரு கேள்வி மீந்திருக்கும். பெட்டிக்குள் இருந்த கல்லிடம் கேட்க ஒன்றுமில்லை. கையேட்டைப் படித்துச் சிரித்து முடித்த அன்றே அதன் வேலையும் முடிந்துவிட்டது.

6. விற்கக் கூடாத பொருள்கள்

சப்பானியரான கென்ஜி கவகாமி 1980களில் 'சிந்தோகு' என்னும் வேடிக்கைக் கலையைத் தோற்றுவித்தார். விந்தையான கருவி என்பது அச்சொல்லின் பொருள். சூடான மீயை ஆற்றுவதற்குச் சிறு மின்விசிறி பொருத்திய உண்குச்சி, பூனையின் பாதங்களில் மாட்டித் தரையைத் துடைக்கும் காலணி முதலியவை இவ்வகையின. ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும்; ஆனால், அதைப் பயன்படுத்துவதே பெரிய சிக்கலாகிவிட வேண்டும்!

இக்கலைக்குப் பத்து விதிகள் உள்ளன. அவற்றுள் இரண்டு நம் சிந்தனைக்குரியவை. ஒன்று, பொருளை வெறும் எண்ணமாக விடாமல் உண்மையாகவே செய்து காட்ட வேண்டும். மற்றொன்று, அதனை விற்கக் கூடாது. காசுக்காக அன்றி, எண்ணத்தின் மகிழ்ச்சிக்காகவே செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. 1995இல் வெளிவந்த இத்தகைய பொருள்களின் தொகுப்பு நூலில், ஒளிப்படக் கருவியை முனையில் பொருத்தித் தன்னைத்தானே படமெடுக்கும் நீண்ட கோலும் வேடிக்கையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அக்கோலை இன்று சுற்றுலாத் தலங்கள் தோறும் மக்கள் கையில் காண்கிறோம். இன்று பயனற்றது நாளையும் பயனற்றதாகவே இருக்கும் என்று யாரால் கூற இயலும்?

7. நம் பால் மரமும் ஒரு விந்தைப் பொருளே

இவ்வுண்மைக்கு அயல்நாட்டுச் சான்றுகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை; நம் தோட்டமே சான்று. 1736இல் பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமின் தென்னமெரிக்காவிலிருந்து ரப்பரின் மாதிரிகளைப் பாரிசுக்கு அனுப்பினார். நெடுங்காலம் அஃது அங்கு ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. 1770இல் ஆங்கில அறிஞர் பிரீஸ்ட்லி, பென்சில் எழுத்தை அழிக்க அது நன்கு உதவுகிறது என்று குறித்தார். வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்துப் போனதால் வேறு பெரும் பயன் காண இயலவில்லை. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்று கண்டார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இடையே, 1877இல் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன்பின் நடந்தது நம் வரலாறு. நம் பாட்டன் பாட்டிமார் விடியலில் எழுந்து சீவிய மரம், ஒரு காலத்தில் அறிஞர் மேசையில் கிடந்த வேடிக்கைப் பொருளே ஆகும்.

8. செய்து பார்ப்போம்: திரும்பி வரும் டின்

மூடியுள்ள வெறும் மைலோ டின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பகுதியின் நடுவிலும் மூடியின் நடுவிலும் பெரியவர் துணையுடன் ஒவ்வொரு துளை இடுங்கள். நீண்ட இரப்பர் வளையம் ஒன்றின் நடுவில், கனமான இரும்பு நட்டு ஒன்றை, டின்னின் சுவரில் படாமல் தொங்குமாறு நூலால் கட்டுங்கள். வளையத்தின் ஒரு முனையை அடித்துளை வழியாகவும், மறுமுனையை மூடித்துளை வழியாகவும் வெளியே இழுத்து, கழன்று விடாதபடி தீக்குச்சிகளைச் செருகுங்கள். மூடியை இறுக்கி, டின்னைச் சமதரையில் உருட்டிவிடுங்கள். அது சிறிது தூரம் ஓடி நின்று, பின்னர் தானாகவே உங்களை நோக்கித் திரும்பி வரும்!

டின் உருளும்போது வளையத்தின் இரு முனைகளும் அதனுடன் சுற்றுகின்றன. நடுவிலுள்ள நட்டு, தன் கனத்தினால் சுற்றாமல் தொங்குகிறது. ஆகவே, இரப்பர் முறுக்கேறுகிறது. உருட்டிய கையின் சக்தி அம்முறுக்கில் சேமிக்கப்பட்டு, முறுக்கு அவிழும்போது மீண்டும் இயக்கச் சக்தியாகிறது.

9. பெற்றோர் கவனத்திற்கு

ஒரு விந்தைப் பொருளை வாங்குமுன் பிள்ளையிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இஃது எவ்வாறு இயங்குகிறது? இதை நாமே செய்ய இயலுமா? ஒரு வாரம் கழிந்த பின்னும் இதில் அறிந்துகொள்ள ஏதேனும் இருக்குமா? பிள்ளை ஆர்வத்துடன் விடை தேடினால், அப்பொருளுக்குக் கொடுக்கும் நான்கைந்து வெள்ளி வீணாகாது. மூன்றுக்கும் விடை இல்லையெனில், அந்த வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

மற்றொன்றையும் பணிந்து கூற விரும்புகிறேன். பழுதான பொம்மையைப் பிள்ளை பிரித்துப் பார்த்தால், 'உடைத்துவிட்டாயே' என்று கை ஓங்காதீர்கள். ஒரு திருப்புளியைக் கொடுத்து அருகில் அமருங்கள். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் கருவிகளை மட்டும் தொடக் கூடாது என்று உறுதியாகக் கூறுங்கள். நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கங்கள் வென்றுள்ளனர். அவர்களைப் போன்ற பிள்ளைகள் நம் லயத்து வீடுகளிலும் இருக்கிறார்கள். வேலை முடிந்து களைத்து வரும் மாலையில் பிள்ளை கேட்கும் 'ஏன்?' என்னும் கேள்வி சற்றுத் தொல்லையாகத் தோன்றலாம். அதற்கு விடை தெரியாவிட்டாலும் குற்றமில்லை. 'நாளை உன் ஆசிரியரிடம் கேட்டு வந்து எனக்கும் சொல்' என்று கூறுங்கள். அவ்வொரு சொல்லே பிள்ளையின் ஊக்கத்தைக் காத்து நிற்கும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நீர் பருகும் பறவையின் தலையில் நீருக்குப் பதிலாக எண்ணெயைத் தடவினால் அது குனியுமா? காரணம் கூறுக.
2. வெயில் நாள், மழை நாள் ஆகிய இரண்டில் எந்நாளில் அப்பறவை விரைவாகக் குனியும்? ஏன்?
3. திரும்பி வரும் டின்னில் நட்டைக் கட்டாமல் விட்டால் என்ன நிகழும்? செய்து பார்த்து எழுதுக.
4. வோகான்சோனின் வாத்தில் பொய் எது? மெய் எது?
5. உன் வீட்டில் ஒரு சிறு தொல்லையைத் தீர்க்கும் வேடிக்கைக் கருவி ஒன்றைக் கற்பனை செய்து, படம் வரைந்து, இயலுமாயின் செய்து, வகுப்பில் காட்டுக. அதனை விற்கக் கூடாது!